தண்ணீர்மலைக்கு அப்பால்: பினாங்கைச் சுற்றியுள்ள தீவுகளில் என்ன பார்க்கலாம்?

பள்ளி விடுமுறையோ தைப்பூசமோ வந்துவிட்டால் கெடா, பேரா, சிலாங்கூர் என்று பல இடங்களிலிருந்தும் நம் குடும்பங்கள் பினாங்குக்குக் கிளம்பிவிடுகின்றன. தண்ணீர்மலையில் முருகனைக் கும்பிட்டு, லிட்டில் இந்தியாவில் சாப்பிட்டு, கொடிமலைக்கு ரயிலேறி, மாலையில் பத்து ஃபெரிங்கி கடற்கரையில் பிள்ளைகளை விளையாட விட்டு வீடு திரும்புவது பல காலமாக நடக்கும் பயணம்.

அந்தக் கடற்கரையில் நின்று பார்க்கும்போது தெரியும் கடலுக்குள்ளும், பாலத்தில் காரில் போகும்போது ஜன்னலோரம் தெரியும் பச்சைத் தீவுகளிலும் என்ன இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. ஜோர்ஜ்டவுன் நகரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் எட்டிவிடக்கூடிய தூரத்தில் கடலாமை முட்டையிடும் மணற்கரை இருக்கிறது. வெள்ளை வளையம் சூழ்ந்த கண்களுடன் இலை தின்னும் குரங்குக் கூட்டம் இருக்கிறது. நீர்நாய், டால்பின், கடல் கழுகு ஆகியவையும் உண்டு. நம் முன்னோர்களில் பலர் இந்த நாட்டில் முதலில் கால்வைத்த தீவும் இங்கேதான் இருக்கிறது.

இவற்றை எங்கே, எப்போது, எப்படிப் பார்க்கலாம் என்பதோடு, பார்க்கப் போகிறவர்கள் செய்யக் கூடாத ஒரு காரியத்தையும் இக்கட்டுரை விளக்குகிறது.

கலங்கிய கடலில் என்ன இருக்கும்?

பினாங்குக் கடலைப் பார்த்ததும் பலர் முகம் சுளிப்பது அதன் நிறத்துக்காக. ரெடாங், பெர்ஹெந்தியான் தீவுகளைப் போலக் கண்ணாடித் தண்ணீர் இங்கே கிடையாது. அதற்குக் காரணம் அழுக்கு மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. மூடா, பிறை, கிரியான் ஆறுகள் கொண்டுவந்து கொட்டும் வண்டல் இந்த ஆழமில்லாத நீரிணையில் சேருகிறது. கரையோரம் சதுப்புநிலக் காடுகளும் சேற்றுத் திட்டுகளும் இருக்கின்றன. அலையும் நீரோட்டமும் அந்தச் சேற்றைக் கலக்கிக்கொண்டே இருப்பதால் தண்ணீர் பழுப்பாகத் தெரிகிறது.

இந்தச் சேறுதான் இங்குள்ள உயிர்களுக்குச் சோறு போடுகிறது. சதுப்புநில மரங்களின் இலைகள் விழுந்து மட்கி, நுண்ணுயிர்களுக்கும் நண்டு, இறால் குஞ்சுகளுக்கும் உணவாகின்றன. அவற்றைத் தின்ன மீன் வருகிறது. மீனைத் தேடி நீர்நாயும் கழுகும் டால்பினும் வருகின்றன. பவளப்பாறையும் வண்ண மீன்களும் பார்க்க ஆசைப்படுகிறவர்கள், லங்காவிக்கும் பினாங்குக்கும் இடையே கெடா கடலில் உள்ள பாயார் தீவுக் கடல் பூங்காவுக்குத்தான் போக வேண்டும். பினாங்கைச் சுற்றியுள்ள தீவுகளில் பார்க்க வேண்டியவை பெரும்பாலும் தண்ணீருக்கு மேலேயும் கரையிலும்தான் இருக்கின்றன. இதைத் தெரிந்துகொண்டு போனால் ஏமாற்றம் இருக்காது.

ஜெரெஜாக்: இறங்குவதற்கு முன் காத்திருந்த தீவு

பினாங்கின் கிழக்குக் கரையில், பாயான் லெப்பாஸுக்கு எதிரே, இரண்டு பாலங்களுக்கும் இடைப்பட்ட கடலில் இருப்பது ஜெரெஜாக் தீவு. சுமார் 362 ஹெக்டர் பரப்பு. கரையிலிருந்து படகில் சில நிமிடங்களில் போய்விடலாம். இவ்வளவு அருகில் இருந்தும் தீவின் பெரும்பகுதி இன்னும் காடாகவே இருப்பதற்கு அதன் வரலாறுதான் காரணம்.

1860களின் இறுதியில் ஆங்கிலேயர்கள் இங்கே தொழுநோயாளிகளுக்கான இல்லம் அமைத்தார்கள். 1870களில் நோய்த்தடுப்பு முகாம் வந்தது. நாகப்பட்டினத்திலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த தமிழ்த் தொழிலாளர்களுக்குப் பினாங்குதான் முதல் துறைமுகம். கப்பலில் காலராவோ அம்மையோ கண்டிருந்தால், அல்லது கண்டிருக்கும் என்ற சந்தேகம் இருந்தால், மேல்தட்டில் பயணம் செய்து வந்த ஏழைகளை ஊருக்குள் விடாமல் ஜெரெஜாக்கில் இறக்கினார்கள். உடைகளைக் கொதிநீரிலும் மருந்திலும் போட்டு எடுத்து, அம்மை குத்தி, நாள்கணக்கில் காத்திருக்க வைத்த பிறகே தோட்டங்களுக்கு அனுப்பினார்கள்.

1907இல் இந்தியக் குடியேற்ற நிதி ஏற்படுத்தப்பட்ட பிறகு அரசு செலவில் ஆள் கொண்டுவருவது பெருகியது. 1938இல் இந்திய அரசு அத்தகைய தொழிலாளர் பயணத்தைத் தடைசெய்யும் வரை அது தொடர்ந்தது. செபராங் பிறை, கெடா, பேரா தோட்டங்களில் வேர்விட்ட பல குடும்பங்களின் தாத்தா பாட்டிமார்கள் மலாயா மண்ணில் முதல் இரவைக் கழித்தது இந்தத் தீவிலாக இருக்கலாம். அவர்களில் சிலர் அக்கரையில் தெரிந்த ஊரைப் பார்க்காமலே இங்கேயே இறந்தும் போனார்கள்.

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு காசநோய் மருத்துவமனையாகவும், 1969 முதல் 1993 வரை சிறைச்சாலையாகவும் இத்தீவு இருந்தது. இன்னொரு செய்தியும் தமிழர்களுக்கு நெருக்கமானது. 1914 செப்டம்பர் 22 அன்று சென்னையைக் குண்டுவீசித் தாக்கிய ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன், அடுத்த மாதம் 28ஆம் தேதி பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ஷெம்சுக் என்ற ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. ‘அவன் பெரிய எம்டன்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வது அந்தக் கப்பலின் பெயரால்தான். அதில் இறந்த ரஷ்ய மாலுமிகளுக்கான நினைவிடம் ஜெரெஜாக்கில் இருக்கிறது.

நோயாளிகளும் கைதிகளும் இருந்த இடம் என்பதால் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக வீடு கட்டவோ தோட்டம் போடவோ யாரும் இங்கே வரவில்லை. அந்த இடைவெளியில் காடு தப்பித்துக்கொண்டது. இன்று நடைபாதையில் ஏறும்போது பெரிய உடும்புகளைக் காணலாம். கரையோர மரங்களில் வெள்ளை வயிறும் சாம்பல் நிற இறக்கையும் கொண்ட கடல் கழுகு உட்கார்ந்திருக்கும். தண்ணீரை நோக்கிச் சரிந்து இறங்கி, நகத்தால் மீனைக் கொத்தாமல் கொள்ளாமல் அள்ளிக்கொண்டு போவதைப் பார்க்கக் காலை நேரம் ஏற்றது.

பாலத்தடியில் ஒரு புல்வெளி

1985இல் திறக்கப்பட்ட முதல் பினாங்குப் பாலத்தில் ஆயிரக்கணக்கான தடவை போய் வந்தவர்களுக்கும் தெரியாத ஒன்று அதன் அருகே தண்ணீருக்குள் இருக்கிறது. தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவே உள்ள ஒரு மணல்திட்டில் கடல்புல் வளர்ந்திருக்கிறது. நீர் நன்றாக வற்றும் நாள்களில் மட்டும் அது வெளியே தலைகாட்டும். மீனவர்கள் அங்கே இறங்கிச் சிப்பி பொறுக்குவார்கள்.

கடல்புல் என்பது பாசி அல்ல. வேரும் பூவும் உள்ள உண்மையான தாவரம். கடல்குதிரை, கடல் அட்டை, நண்டு, மீன்குஞ்சுகள் அதற்குள் ஒளிந்து வளர்கின்றன. சந்தையில் நாம் வாங்கும் மீனில் பலவும் குஞ்சுப் பருவத்தில் இப்படிப்பட்ட இடத்தில் வளர்ந்தவைதான். சுற்றுலாப் பயணிகள் அங்கே இறங்கி மிதிப்பது நல்லதல்ல. ஆனால் பாலத்தில் போகும்போது பிள்ளைகளுக்குக் கையைக் காட்டிச் சொல்லலாம்.

பத்து காவானிலிருந்து அமான் தீவு

பெருநிலப் பக்கம் இருப்பவர்களுக்கு எளிதான பயணம் அமான் தீவு. பத்து காவானில் உள்ள பத்து மூசாங் படகுத்துறையிலிருந்து படகு போகிறது. இரண்டாவது பாலம் 2014இல் திறக்கப்பட்ட பிறகு, தீவுப் பக்கத்திலிருந்தும் பத்து காவானுக்கு நேராக வந்துவிடலாம்.

பத்து காவான் என்றால் இன்று தொழிற்பேட்டையும் பேரங்காடியும் விளையாட்டரங்கமும் நினைவுக்கு வரும். 19ஆம் நூற்றாண்டில் செபராங் பிறையின் இந்தத் தென்பகுதி முழுக்கக் கரும்புத் தோட்டங்கள். ரப்பர் வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே ஒப்பந்தக் கூலிகளாகத் தமிழர்கள் இங்கே கரும்பு வெட்டினார்கள்.

அமான் தீவில் ஒரு சிறிய மலாய் மீனவர் கிராமம் இருக்கிறது. கார் கிடையாது. சுற்றிவர நடந்தாலே போதும். 1891இல் நடப்பட்டதாகக் குறிக்கப்பட்டுள்ள பழைய ஈரப்பலா மரம், கடலை ஒட்டி இருந்தும் உப்புக் கரிக்காத கிணறு ஆகியவை பார்க்கத் தகுந்தவை. மதியம் பெரிய இறால் போட்ட மீ ஊடாங் சாப்பிடவே பலர் வருகிறார்கள். ஹலால் கடைகள்தான். சைவம் சாப்பிடுகிறவர்கள் கட்டுச்சோறு கொண்டுபோவது நல்லது.

நீர் வற்றியிருக்கும் நேரத்தில் சேற்றைக் கவனித்தால் கைவிரல் நீள மீன்கள் செதிளைக் கையாகப் பயன்படுத்தி நடப்பதைப் பார்க்கலாம். மலாயில் பெலாச்சாக் என்று பெயர். தோல் ஈரமாக இருக்கும் வரை காற்றிலிருந்தே மூச்சு வாங்கிக்கொள்ளும். ஆண் மீன் முதுகுச் செதிளை விசிறிபோல விரித்துத் துள்ளும். ஒரே ஒரு கொடுக்கு மட்டும் பெரிதாக உள்ள சிறு நண்டுகளும் பக்கத்திலேயே இருக்கும். பிள்ளைகள் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து பார்க்கக்கூடிய காட்சி இது.

வானத்தில் செம்பழுப்பு உடலும் வெள்ளைத் தலையுமாக வட்டமிடும் பறவையை நம்மவர்களுக்கு அறிமுகப்படுத்தத் தேவையில்லை. கும்பாபிஷேகத்தன்று கோபுரத்துக்கு மேலே வட்டமிட்டால் கன்னத்தில் போட்டுக்கொள்கிறோமே, அதே கருடன்தான். செத்த மீனையும் கரையில் ஒதுங்கியதையும் தின்று கடலோரத்தைத் துப்புரவாக வைப்பதில் அதற்குப் பெரிய பங்கு உண்டு.

தெலுக் பஹாங்: ஆமையும் இரண்டு அடுக்கு ஏரியும்

தீவின் வடமேற்கு மூலையில் பினாங்கு தேசியப் பூங்கா இருக்கிறது. முன்பு பந்தாய் ஆச்சே காட்டு ஒதுக்கீடாக இருந்த இடம் 2003இல் தேசியப் பூங்காவானது. காடும் கடலும் சேர்ந்து சுமார் 2,500 ஹெக்டர். தெலுக் பஹாங் நுழைவாயிலில் பதிவு செய்துகொண்டு நடந்தும் போகலாம், படகிலும் போகலாம்.

நடக்க முடிந்தவர்கள் போக வேண்டிய இடம் பந்தாய் கெராச்சுட். காட்டுப் பாதையில் சுமார் 3.4 கிலோமீட்டர். ஏற்ற இறக்கம் உண்டு. பழக்கம் இல்லாதவர்களுக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் ஆகும். போகும்போது நடந்து, வரும்போது படகில் திரும்புவது குடும்பங்களுக்கு ஏற்ற வழி.

கடற்கரைக்குச் சற்று முன் ஒரு சிறிய ஏரி இருக்கிறது. மழைக்காலத்தில் ஓடைகள் கொண்டுவரும் நன்னீரும் கடலிலிருந்து உள்ளே வரும் உப்புநீரும் அங்கே சேர்கின்றன. உப்புநீர் கனமானது என்பதால் அடியில் தங்கிவிடுகிறது, நன்னீர் மேலே நிற்கிறது. இரண்டும் எளிதில் கலப்பதில்லை. வெயில் காலத்தில் ஏரி வற்றிப்போய் வெறும் மணலாகவும் இருக்கும். எனவே பார்க்க நினைப்பவர்கள் மழைக்குப் பிந்திய மாதங்களில் போவது நல்லது.

கடற்கரையில் மீன்வளத் துறை நடத்தும் ஆமைப் பாதுகாப்பு நிலையம் இருக்கிறது. பச்சை ஆமைகள் பெரும்பாலும் ஆண்டின் நடுப்பகுதியிலும், அதைவிடச் சிறிய ஒலிவ் ரிட்லி ஆமைகள் ஆண்டின் பிற்பகுதியிலும் இங்கே முட்டையிட வருகின்றன. பச்சை ஆமை ஒரு தடவையில் சுமார் நூறு முட்டை இடும். குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் சூடுதான் தீர்மானிக்கிறது. சுமார் 29 டிகிரிக்கு மேல் சூடானால் பெண் குஞ்சுகள் அதிகம், குறைந்தால் ஆண் குஞ்சுகள் அதிகம். நிலையத்தில் முட்டைகளை நிழலிலும் வெயிலிலும் பிரித்துப் புதைப்பதற்கு இதுவே காரணம். உலகம் சூடாகிக்கொண்டே போனால் ஆண் ஆமைகள் இல்லாமல் போய்விடும் என்று ஆய்வாளர்கள் கவலைப்படுவதும் இதனால்தான்.

முட்டையிட வரும் ஆமை வெளிச்சத்தைக் கண்டால் திரும்பிவிடும். குஞ்சுகளோ கடலின் மங்கிய ஒளி என்று நினைத்துக் கைவிளக்கை நோக்கி ஓடும். எனவே இரவில் கடற்கரையில் விளக்கடிப்பதும் ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதும் கூடாது. மிதக்கும் பிளாஸ்டிக் பையை ஆமை சொறிமீன் என்று நினைத்து விழுங்கிவிடுகிறது. கொண்டுபோன குப்பையைத் திருப்பிக் கொண்டுவர வேண்டும் என்று சொல்வது ஒழுங்குக்காக மட்டுமல்ல, அந்த ஆமையின் உயிருக்காகவும்தான்.

ஆமை முட்டை விற்பனை குறித்தும் ஒரு வார்த்தை. திரெங்கானு மாநிலம் 2022 ஜூன் முதல் எல்லா வகை ஆமை முட்டைகளின் விற்பனையையும் தடைசெய்தது. கோழி முட்டையைவிட அதில் தனிச் சத்து ஏதும் இல்லை. யாராவது கொண்டுவந்து கொடுத்தால் வாங்காமல் இருப்பதே சரி.

கண்ணாடி போட்ட குரங்கு

தேசியப் பூங்காவிலும், தண்ணீர்மலைக் கோயிலுக்குப் பக்கத்திலேயே இருக்கும் பூமலையிலும், அதாவது 1884இல் தொடங்கப்பட்ட தாவரவியல் பூங்காவிலும், இரண்டு வகைக் குரங்குகளைக் காணலாம். ஒன்று எல்லாருக்கும் தெரிந்த நீண்டவால் குரங்கு. மலாயில் கெரா. இன்னொன்று லோத்தோங். கரும்சாம்பல் உடல், கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போட்டதுபோல வெள்ளை வளையம், வாயைச் சுற்றியும் வெளுப்பு. குட்டி மட்டும் பளிச்சென்ற பொன்னிறத்தில் பிறக்கும். சில மாதங்களில் அந்த நிறம் மாறிவிடும்.

லோத்தோங் பெரும்பாலும் மரத்திலேயே வாழும். காட்டின் நடுவே சாலை வந்துவிட்டால் கீழே இறங்கிக் கடக்க வேண்டியிருக்கிறது, வாகனத்தில் அடிபட்டுச் சாகிறது. தெலுக் பஹாங்கில் இதற்கு ஒரு தீர்வு கண்டார்கள். பினாங்கு லோத்தோங் ஆய்வுத் திட்டத்தைத் தொடங்கிய யாப் ஜோ லீன் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும், பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி 2019இல் சாலைக்கு மேலே ஒரு கயிற்றுப் பாலம் கட்டினார்கள். ‘ஆ லாய் கடவை’ என்பது அதன் பெயர். இப்போது குரங்குகளும் அணில்களும் அதன் வழியே சாலையைக் கடக்கின்றன. அந்தப் பக்கம் காரில் போகிறவர்கள் சற்று மெதுவாக ஓட்டி, மேலே பார்த்துக்கொண்டு போகலாம்.

டால்பினைப் பார்க்க முடியுமா?

முடியும். ஆனால் உறுதி சொல்ல முடியாது. பினாங்கு முதல் லங்காவி வரையிலான கடலில் முதுகில் திமில் உள்ள டால்பின் வகை உண்டு. வயதாக ஆக அதன் தோல் வெளிறி இளஞ்சிவப்பாகத் தெரியும். உருண்டைத் தலை உள்ள ஐராவதி டால்பினும், முதுகுச் செதிளே இல்லாத சிறிய கடல்பன்றி வகையும் இருக்கின்றன. கலங்கிய ஆழமில்லாத நீர்தான் இவற்றின் வீடு. கண்ணால் பார்க்க முடியாத தண்ணீரில் ஒலியை அனுப்பி, எதிரொலியைக் கேட்டு மீன் பிடிக்கின்றன. படகு இன்ஜின் சத்தம் அதிகமானால் நாம் இரைச்சலில் பேசத் திணறுவதுபோல அவை திணறும்.

மலேசியக் கடலில் டால்பின்களையும் ஆவுளியாக்களையும் பற்றிய ஆய்வில் முன்னோடியாக இருப்பவர்களில் ஒருவர் டாக்டர் லூயிசா பொன்னம்பலம். அவர் இணைந்து நிறுவிய மாரேசெட் அமைப்பு லங்காவிக் கடலிலும் பேராவின் மாத்தாங் சதுப்புநிலக் கடலிலும் ஆய்வுகள் நடத்தியிருக்கிறது. கடல்சார் ஆய்வு நமக்கு எட்டாத துறை என்று நினைக்கும் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்லலாம்.

டால்பின் கண்ணில் பட்டால் படகோட்டியிடம் துரத்தச் சொல்லக் கூடாது. வேகத்தைக் குறைத்து ஒதுங்கி நின்றால் அவை அங்கேயே இரை தேடும். துரத்தினால் முழுகிவிடும், அதோடு காட்சி முடிந்துவிடும்.

உணவு கொடுப்பது புண்ணியமா?

இந்தக் கேள்வியை நம் சமூகம் நேராகச் சந்திக்க வேண்டியிருக்கிறது. வாயில்லாச் சீவனுக்குச் சோறு போடுவது தர்மம் என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். குரங்கைக் கண்டால் ஆஞ்சநேயர் நினைவில் வாழைப்பழம் நீட்டுகிறோம். கோயிலுக்கு வரும் பலர் அர்ச்சனைத் தட்டில் மீந்த பழத்தையும் தேங்காயையும் பூமலைக் குரங்குகளுக்குப் போடுவது இன்றும் நடக்கிறது. கொடுப்பவரின் மனதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. ஆனால் வாங்கிய குரங்குக்கு என்ன ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

லோத்தோங்கின் வயிறு மாட்டு வயிற்றைப் போலப் பல அறைகள் கொண்டது. இலையை நுண்ணுயிர்கள் மெல்ல மெல்லப் புளிக்க வைத்துச் செரிக்கின்றன. அதற்குள் ரொட்டி, பிஸ்கட், இனிப்பான பழம் போனால் வேகமாகப் புளித்து, அமிலம் கூடி, வயிறு உப்பிவிடும். சாகவும் கூடும்.

நீண்டவால் குரங்கின் கதை வேறு. அது எதையும் தின்னும். அத்திப்பழம், விதை, நண்டு, பூச்சி என்று காடெங்கும் தேடி, விதைகளைப் பரப்பி வந்த குரங்கு, கையில் பை வைத்திருக்கும் மனிதரைப் பார்த்தால் போதும் என்று பழகிவிடுகிறது. மனிதரிடம் பயம் போகிறது. ஒரு நாள் பழம் இல்லாத பையைப் பிடுங்கும், தராத பிள்ளையைக் கடிக்கும். புகார் போகும். வனவிலங்குத் துறை பொறி வைக்கும். பிடிபட்டவை கொல்லப்படுவதும் உண்டு. எங்கும் நிறைந்திருக்கிறது என்று நாம் நினைக்கும் இந்தக் குரங்கு, 2022 முதல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள இனமாக வைக்கப்பட்டுள்ளது.

கருடனுக்கும் இதே நிலைதான். லங்காவி போன்ற இடங்களில் படகிலிருந்து கோழித் தோலை வீசிப் பருந்துக் கூட்டத்தை வரவழைத்துக் காட்டுவது ஒரு வியாபாரம். மீனும் எலும்புமாகத் தின்ன வேண்டிய பறவைக்குக் கோழித் தோலில் கொழுப்பைத் தவிர ஒன்றுமில்லை. படகைச் சுற்றியே பழகிய பறவை வேட்டையாடுவதைக் குறைத்துக்கொள்கிறது. படகோட்டி அப்படிச் செய்யத் தொடங்கினால் ‘வேண்டாம்’ என்று சொல்லும் உரிமை பணம் கொடுத்தவருக்கு உண்டு. கேட்கிற வாடிக்கையாளர் குறைந்தால் வியாபாரமும் மாறும்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. செம்பனைக் காட்டில் எலியைப் பிடிக்க ஆந்தைக்குக் கூடு வைப்பார்களே தவிர, ஆந்தைக்குச் சோறு வைப்பதில்லை. இடத்தைக் கொடுத்தால் அது தன் வேலையைப் பார்த்துக்கொள்ளும். குரங்குக்கும் கருடனுக்கும் செய்யக்கூடிய தர்மமும் அதுவே.

மாறிவரும் கடல்

பினாங்கின் தெற்குக் கடலில், பெர்மாத்தாங் டாமார் லாவுட் அருகே, 2023 செப்டம்பரில் கடலை நிரப்பிச் செயற்கைத் தீவு அமைக்கும் பணி தொடங்கியது. முதலில் மூன்று தீவுகள் என்று திட்டமிடப்பட்டு, மீனவர்களும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்த பிறகு 2023இல் ஒன்றாகக் குறைக்கப்பட்டது. வேலைவாய்ப்பும் தொழில் வளர்ச்சியும் வரும் என்பது மாநில அரசின் வாதம். இறாலும் மீனும் பெருகும் இடம் போய்விடும் என்பது கரையோர மீனவர்களின் அச்சம்.

இந்த வாக்குவாதத்தில் எந்தப் பக்கம் நின்றாலும், அங்கே இப்போது என்ன இருக்கிறது என்பதைத் தெரிந்தவர்கள் பேசுவதுதான் பயனுள்ளது. அந்தக் கடலையும் தீவுகளையும் ஒரு தடவையாவது போய்ப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

போகிறவர்கள் கவனத்துக்கு

காலம்: டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதியாக இருக்கும். செப்டம்பர், அக்டோபர் மாதங்களில் மழை அதிகம். எந்த மாதமானாலும் காலை ஏழு மணி முதல் பத்து மணி வரையிலும் மாலை நான்கு மணிக்குப் பிறகும்தான் விலங்குகள் கண்ணில் படும்.

நீர்மட்டம்: சேற்றில் வாழ்பவற்றைப் பார்க்க நீர் வற்றும் நேரம் தெரிந்திருக்க வேண்டும். படகோட்டியிடம் முதல் நாளே கேட்டுக்கொள்ளலாம்.

படகு: கட்டணத்தையும் திரும்பும் நேரத்தையும் ஏறுவதற்கு முன் பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். இரண்டு மூன்று குடும்பங்கள் சேர்ந்து ஒரு படகு எடுத்தால் செலவு குறையும். பெரியவர் சிறியவர் எல்லாருக்கும் மிதவை அங்கி இல்லாத படகில் ஏறக் கூடாது. ஜெரெஜாக் தீவுக்குப் படகுச் சேவை மாறி மாறி நடந்துவந்திருப்பதால் முன்கூட்டியே விசாரித்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

குளியல்: தேசியப் பூங்காக் கடற்கரைகளில் கொடிய சொறிமீன்கள் வருவதுண்டு. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில் பிள்ளைகளைக் கடலில் இறக்கக் கூடாது. கொட்டிவிட்டால் தேய்க்காமல், வினிகர் ஊற்றி, உடனே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பையில் ஒரு சிறு புட்டி வினிகர் வைத்துக்கொள்வது நல்லது.

கொசு: உள்நாட்டில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா 2018 முதல் மலேசியாவில் பதிவாகவில்லை. ஆனால் குரங்கிடமிருந்து கொசு வழியே மனிதருக்கு வரும் மலேரியா இருக்கிறது. காட்டுக்குள் போகும்போது முழுக்கை சட்டையும் கொசு மருந்தும் அவசியம். திரும்பிய சில வாரங்களுக்குள் காய்ச்சல் வந்தால், காட்டுக்குப் போய்வந்ததை மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.

குரங்கு: பிளாஸ்டிக் பையைக் கையில் தொங்கவிடாமல் முதுகுப்பையில் போட்டு மூடிவிட வேண்டும். கண்ணோடு கண் முறைத்துப் பார்ப்பதும் பல்லைக் காட்டிச் சிரிப்பதும் அதற்குச் சண்டைக்கு அழைப்பதுபோல. ஓடாமல் மெல்ல விலகினால் போதும்.

பிள்ளைகள்: ஆளுக்கு ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் கொடுத்து, பார்த்த உயிரினத்தின் பெயர், இடம், நேரம், அது என்ன செய்துகொண்டிருந்தது என்று எழுதச் சொல்லலாம். தமிழில், மலாயில், ஆங்கிலத்தில் என்று மூன்று மொழிப் பெயரையும் வீட்டுக்கு வந்து தேடிக் கண்டுபிடித்தால் விடுமுறை வேலையும் ஆகிவிடும். ஜெரெஜாக் தீவுக்குப் போகிற குடும்பங்கள், கப்பலேறி வந்த தாத்தா பாட்டியின் ஊரும் பெயரும் அவர்கள் வந்த ஆண்டும் தெரிந்தால், அதையும் அந்த நோட்டில் முதல் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லலாம். சொல்லக்கூடிய பெரியவர்கள் வீட்டில் இருக்கும்போதே கேட்டுவிடுவது நல்லது.